செல்ஃப் எடுக்கலையா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

எங்க ஊர்ப் பக்கம் விரிஞ்சிபுரம் கோயில்ல சுவாமி பேரு மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். ஆனா வழித்துணை வரணும்னா வண்டி முதல்ல கிளம்பணுமே!

தாத்தா வெச்சிருந்த அம்பாசிடர் உங்க கைக்கு வந்திருக்குன்னு வைங்க. சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். "செல்ஃப் போச்சு தம்பி, புதுசு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். மாசக் கடைசி வேற. பேசாம வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டுடலாமான்னு கூடத் தோணும். அவசரப்படாதீங்க. மோட்டாரை மாத்துறது கடைசிப் படி, முதல் படி இல்லை.

படி 1: செலவில்லாத சோதனை

இன்ஜினைச் சுத்திவிட ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். பேட்டரி முனையில பூ பூத்திருந்தாலோ, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில உள்ள எர்த் வயர் தளர்ந்திருந்தாலோ அவ்வளவு கரண்ட் போய்ச் சேராது. முதல்ல அதைச் சுத்தம் பண்ணி முறுக்குங்க. அடுத்து மல்டிமீட்டர். முழு சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழ விழுந்தா, வேற நல்ல பேட்டரி வெச்சுப் பாருங்க. அதுலயும் அதே கதைன்னா மோட்டாரைக் கழற்றலாம். கழற்றும் முன் பேட்டரியின் எர்த் வயரை எடுத்துடணும்.

படி 2: தேஞ்சதை மட்டும் மாத்துங்க

கார்பன் பிரஷ், புஷ் ரெண்டும் தேய்றதுக்குன்னே இருக்கிற பொருட்கள். சோலினாய்டும் தனியா மாத்தக்கூடியதுதான். மோட்டார் 'விர்'னு சுத்தி இன்ஜின் சுத்தலைன்னா பினியனையும் ஃப்ளைவீல் பல்லையும் பார்க்கச் சொல்லுங்க. இதுக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் சரியான ஆள். ஆர்மேச்சர் எரிஞ்சிருந்தாலோ, கூடு உடைஞ்சிருந்தாலோதான் முழு மோட்டார்.

படி 3: புதுசு வாங்கினா

பல் எண்ணிக்கை, சுத்துற திசை, போல்ட் துளை மூணும் பழசோட பொருந்தணும். பழைய மோட்டாரை எக்ஸ்சேஞ்சுல கொடுத்துடாதீங்க. அம்பாசிடர் உற்பத்தி 2014லேயே நின்னுபோச்சு; நாளைக்கு அந்தப் பழசுதான் உங்க ஸ்பேர். பில் கேட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாக ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. உதாரணத்துக்கு, வரிக்கு முன் விலை 6,000 ரூபாய்னா வரி 1,680 இல்லை, 1,080தான்.

இப்ப நம்ம கணக்கு

- இன்சூரன்ஸ்: சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானத்துக்கும் எலக்ட்ரிக்கல் பழுதுக்கும் கிளைம் கிடையாது. இந்தச் செலவு முழுக்க உங்க பாக்கெட்.
- வரி: சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. நல்ல விலைக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்துக்கு வித்தாலும் அதைக் கழிக்க முடியாது.
- ஆர்.சி.: 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 20 வயசு தாண்டின காருக்கு, 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி கட்டணம் 10,000 ரூபாய். மாசத்துக்குப் பிரிச்சா சுமார் 167.

அதனால பழைய வண்டியை முதலீடுன்னு நினைக்காதீங்க. அது ஒரு பிரியமான செலவு. பிரியத்துக்கும் பட்ஜெட் வேணும். மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி. போட்டா, வருஷத்துக்கு 24,000 ரூபாயும் வட்டியும் கையில இருக்கும். செல்ஃப், பேட்டரி, ஆர்.சி. எல்லாம் அதுக்குள்ளதான். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, பெர்சனல் லோன் பக்கமே போகாதீங்க. ஆர்.டி.யில பணம் சேரலைன்னா வண்டி ரெண்டு மாசம் ஷெட்டுல நிக்கட்டும். இத்தனை வருஷம் ஓடின வண்டி, உங்களுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும்.