ஆண்டுக் கணக்கும் செய்கைத் திறனும்

வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கச் செல்லும் நம் அங்கத்தினர்கள் ஒரகடம் சுற்றுப்புறத்தில் தொழிற்சாலைகள் பெருகியிருப்பதை அறிவர். ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் தொடங்கிற்று. இத்தகைய பொருள்களுக்கு வடிவம் வகுக்கும் கலையே தொழில் வடிவமைப்பு. அதனைக் கற்பிப்பதில் ‘திறனடிப்படைக் கல்வி’ என்று பேசப்படுகிறதே, அது யாது எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். அதனை ஈண்டு விளக்குவோம்.

இம்முறையின் கூறுகள் மூன்று. மாணவர் எதனைச் செய்யவல்லவராக வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்தல் முதலாவது. அவர் செய்து காட்டிய வேலையைக் கொண்டே தேர்வு செய்தல் இரண்டாவது. தேறாதவருக்கு மேலும் பயிற்சி அளித்து, தேறியவரை அடுத்த படிக்கு அனுப்புதல் மூன்றாவது. இதில் காலம் கூடலாம், குறையலாம். திறமையின் அளவு மட்டும் குறையலாகாது.

காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இது புதிதன்று. கோர்வை பழகுபவரின் தேர்ச்சியைக் கரையும் உடலும் கூடும் இடமே சொல்லிவிடும். எத்தனை மாதம் தறியில் அமர்ந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதில் நம் வீட்டுச் சொம்பைச் சிறந்த வடிவமைப்பெனப் போற்றினர். எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எவ்வாறு அமையும், எளிதில் துலக்க வருமா, விலை என்ன என்றெல்லாம் ஆராய வேண்டும் என்றனர். அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றிற்று. நமக்கு அண்மையில், மேலக்கோட்டையூரில், 2007இல் நிறுவப்பெற்ற மத்திய அரசுக் கல்வி நிலையம் ஒன்று வடிவமைப்பையும் உற்பத்தியையும் தன் பெயரிலேயே கொண்டு இயங்குகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். திறமைகளைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பட்டியலில் குறியிடுவதோடு நின்றால் பயனில்லை. வரையவும், அளக்கவும், மாதிரி செய்யவும் தெரிந்தவர், குழித்தறியில் அமர்வோரின் முதுகு நோவாத இருக்கையைச் செய்துவிடுவார் என்பது நிச்சயமன்று. நெய்பவரோடு இருந்து கவனித்து, செய்ததை அவர் சொற்கேட்டுத் திருத்தும் விவேகமும் சோதிக்கப்பட வேண்டும்.

2013இல் அறிவிக்கப்பெற்ற தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, பள்ளிக்கு வெளியே பெற்ற திறமையையும் மதிப்பிட்டு ஏற்க வழிசெய்தது. தறியடியில் கற்றதற்குச் சான்றிதழ் இல்லாத நம் இளைஞர்க்கு இது முக்கியமான செய்தி.

ஆகவே, கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்பாராக: படிப்பின் முடிவில் பிள்ளை எவ்வேலையைச் செய்ய வல்லவனாவான்? அதனை யார், எப்பொருளைக் கண்டு தீர்மானிப்பர்? வீட்டில் கற்ற தொழிலுக்கு மதிப்பு உண்டா? தெளிவான விடை தராத இடத்தில் பணத்தையும் பிள்ளையின் காலத்தையும் ஒப்படைக்க அவசரப்பட வேண்டாம்.