கிராமபோன் சேகரிப்பு

கிராமபோன் சேகரிப்பு என்பது சாவி கொடுத்து இயக்கப்படும் பழைய இசைத்தட்டுக் கருவிகளை வாங்கிப் பேணும் பொழுதுபோக்கு ஆகும். தமிழ்நாட்டில் இக்கருவி பாட்டுப்பெட்டி என்றும், அதில் சுழலும் இசைத்தட்டு பேச்சு வழக்கில் பிளேட் என்றும் அழைக்கப்பட்டன. புதிதாக வாங்குவோர் எதிர்கொள்ளும் முதல் இடர், இந்தியச் சந்தையில் மலிந்துள்ள போலிக் கருவிகள் ஆகும். போலியை வாங்குபவர் பணத்தை மட்டுமன்றி, அதில் வைத்து இசைக்கும் பழைய இசைத்தட்டுகளையும் இழக்க நேரிடும்.

பின்னணி

தாமசு எடிசன் 1877 இல் உருவாக்கிய போனோகிராப் உருளையில் ஒலியைப் பதிவு செய்தது. எமில் பெர்லினர் 1887 இல் காப்புரிமை கோரிய கிராமபோன் தட்டையான தட்டைப் பயன்படுத்தியது. இரண்டும் ஒன்றெனக் கருதப்படுவது உண்டு. எனினும் தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கிராமபோன்களே.

1902 இல் பிரெடு கெய்சுபெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாடல்களைப் பதிவு செய்தார். 1908 இல் அந்நகரின் சியால்டா பகுதியில் கிராமபோன் நிறுவனத்தின் இசைத்தட்டு ஆலை இயங்கத் தொடங்கியது. அக்காலத் தட்டுகள் அவலரக்குடன் கல்தூள் கலந்து அழுத்திச் செய்யப்பட்டவை. நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) திரைப்படம் எதிலும் நடிக்காமலே மறைந்தார். அவர் குரல் இன்று கேட்கக் கிடைப்பது இத்தகைய தட்டுகளின் வழியாகவே. பழுதான கருவியின் ஊசி இவ்வொலித் தடங்களைச் சுரண்டிவிட்டால் அத்தட்டை மீட்க வழியில்லை.

போலிக் கருவிகள்

ஊதுகுழலின் முன் நாய் அமர்ந்திருக்கும் எச். எம். வி. சின்னம் பிரான்சிசு பராடு வரைந்த ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. இச்சின்னத்தால் பழைய கிராமபோன் என்றவுடன் பித்தளை ஊதுகுழலே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. போலி செய்வோர் பயன்படுத்திக்கொள்வதும் இதையே. ஆனால் 1920களில் விற்பனையான கருவிகளில் பெரும்பாலானவற்றில் குழல் பெட்டிக்கு உள்ளேயே அமைக்கப்பட்டது. ஆகவே வெளியே பளபளக்கும் குழல் உள்ள கருவியையே முதலில் ஐயுற வேண்டும்.

போலிகளில் குழல் மெல்லிய புதுப் பித்தளைத் தகட்டால் ஆனது, பூவேலைப்பாடும் காணப்படலாம். அசல் குழல்களில் பல வண்ணம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனவை. போலியின் பெட்டி எட்டுப் பக்கங்களுடனோ மிகுந்த செதுக்கு வேலையுடனோ இருக்கும். புது மரத்தின் மீது கருஞ்சாயம் பூசப்பட்டிருப்பதை அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்தால் அறியலாம். பெரிய பித்தளைத் தகட்டில் நாய்ச் சின்னம் பொறித்து ஆணியடித்திருப்பதும் ஓர் அடையாளம். குழலைத் தாங்கும் பின்புறத் தாங்கி சரியாகப் பொருந்தாமல் ஆடும்.

இவற்றின் உள்ளிருக்கும் சுருள்வில் இயந்திரம் மட்டும் பெரும்பாலும் பழையது. எடுத்துச் செல்லத்தக்க பழைய பெட்டிக் கருவிகளை உடைத்தே அது எடுக்கப்படுகிறது. அதாவது, ஒரு போலி உருவாக ஓர் அசல் அழிகிறது.

எதை வாங்கலாம்

கைப்பெட்டி வடிவிலான கருவியே தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு ஏற்றது. இவற்றுள் எச். எம். வி. 102 புகழ்பெற்றது. 1931 இல் வெளிவந்த இது 1950களின் இறுதிவரை தயாரிக்கப்பட்டது. கருந்துணி ஒட்டிய இப்பெட்டி பார்வைக்கு எளியது. ஒலியோ ஊதுகுழல் போலிகளைவிடப் பன்மடங்கு தெளிவானது.

வாங்கும் முன் விற்பவர் முன்னிலையில் ஒரு பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், ஏறத்தாழ மூன்று நிமிடங்கள், ஓட விட்டுப் பார்க்க வேண்டும். தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றி வருகிறது என எண்ணலாம். 78 சுற்றுகளை ஒட்டி இருத்தல் நன்று. பாதியில் வேகம் குறைந்தால் சுருள்வில்லில் உள்ள மசகு இறுகியிருக்கலாம், இது சரிசெய்யத்தக்கது. கைப்பிடி எவ்வித எதிர்ப்பும் இன்றிச் சுழன்றுகொண்டே இருந்தால் சுருள்வில் அறுந்திருக்க வாய்ப்புண்டு. சுருள்வில் உறையைப் பழக்கமில்லாதவர் திறக்கலாகாது. அது சீறி விரிந்து கையைக் கிழிக்கும்.

ஊசியும் சவ்வும் உள்ள வட்ட உறுப்பு ஒலிப்பெட்டி எனப்படும். அதன் இரப்பர் வளையம் காலப்போக்கில் கல்லாக இறுகி, ஒலியில் அதிர்வைத் தரும். வளையத்தை மாற்ற இயலும். ஆனால் துத்தநாகக் கலப்பு உலோகத்தாலான பாகங்களில் வெடிப்பு இருப்பின் அக்கருவியைத் தவிர்ப்பதே நல்லது.

ஊசி

எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என மாற்ற வேண்டும். தட்டிலுள்ள கல்தூள் ஊசி முனையைத் தேய்த்துத் தடத்துக்கேற்ப வடிவமைக்கிறது. தேய்ந்த முனை அடுத்த தட்டை உளிபோல் அறுக்கும். சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்தியதால் பாழான தட்டுகள் ஏராளம். பிற்கால வினைல் தட்டுகளை இக்கருவியில் ஒருபோதும் இசைக்கலாகாது. ஒலிப்பெட்டியின் எடையைத் தாங்காமல் ஒரே ஓட்டத்தில் அவை கெட்டுவிடும்.

கிடைக்கும் இடங்கள்

சென்னை மூர் மார்க்கெட் 1985 இல் தீக்கிரையாகும் வரை பழைய இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுப் பொருட்கள் விற்கப்படுகின்றன. மும்பை சோர் பசாரில் ஊதுகுழல் போலிகள் மிகுதி.

கடலூர் மாவட்டத்தின் மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களில் தேடுவோர் பழைய இரும்புக் கடைகளையும் வீட்டுப் பரண்களையும் நாடலாம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 இல் தொடங்கப்பட்ட பின்னரே இப்பகுதி நகராக வளர்ந்தது. ஆதலால் இங்கு அகப்படும் கருவி, பிற ஊர்களிலிருந்து குடியேறிய குடும்பத்தின் உடைமையாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அக்குடும்பத்தினரிடம் கருவி வாங்கிய ஊரையும் காலத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வது பயனுடையது. கருவியுடன் தட்டுகளும் இருந்தால் அவற்றைச் சேர்த்தே வாங்கலாம். சுரங்கப் பகுதித் தூசி மசகுடன் கலந்து பசைபோல் ஆகிவிடுமாதலால், இங்கு வாங்கிய கருவியைத் துப்புரவு செய்யாமல் இயக்காதிருத்தல் வேண்டும்.