சர்வருக்குள்ளே ஒரு கல்மரம்!



சாத்தனூர் கல்மரத்தை நம்மில் பாதிப் பேராவது பார்த்திருப்போம். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி, இங்கே கடல் இருந்த காலத்தில் புதைந்து கல்லாகிப் போன மரம். சுமார் 18 மீட்டர் நீளம். நம்ம பெரம்பலூர் மாவட்டத்தின் பெருமை அது. கட்டாயம் பாதுகாக்க வேண்டும். ஆனால் இந்தக் கோடை லீவில் நான் பார்த்த இன்னொரு 'கல்மரத்தை'ப் பாதுகாக்கவே கூடாது! அது ஓர் ஆபீஸ் சர்வருக்குள் இருந்தது.

அரியலூரில் என் மாமா கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை செய்கிறார். "சும்மாதானே இருக்கே, வா மாப்ள" என்று ஒரு தனியார் ஆபீசுக்கு என்னையும் கூட்டிப் போனார். சிமெண்ட் லாரிகளுக்கு பில் போடும் ஆபீஸ். ஏழெட்டு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு சர்வர். லாரி வாடகை, டிரைவர் சம்பளம் எல்லாக் கணக்கும் அந்தச் சர்வரில்தான். அது விண்டோஸ் சர்வர் 2008. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த பாதுகாப்பு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். இதுதான் வேலை.

புரோட்டோகால் என்றால் என்ன?

காலையில் சார் வருகைப் பதிவு எடுக்கிறார். நம்பர் கூப்பிடுகிறார். நாம் "உள்ளேன் ஐயா" என்கிறோம். யார் முதலில் பேசணும், என்ன பதில் சொல்லணும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட முறை இருக்கிறதல்லவா? அதுதான் புரோட்டோகால். தமிழில் நெறிமுறை. கம்ப்யூட்டர்களும் இப்படித்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன.

இந்த முறையில் ஓர் ஓட்டை இருப்பது நமக்கே தெரியும். வராத பையனுக்காகப் பின் பெஞ்சிலிருந்து வேறொருவன் "உள்ளேன் ஐயா" சொல்லலாம்! சார் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால்தான் மாட்டுவான். பழைய புரோட்டோகால்கள் பல, முகம் பார்க்காத வருகைப் பதிவு போன்றவை. சிலது போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம், பாஸ்வேர்டு உள்பட.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்கள் மிகக் குறைவு. ஒருவரை ஒருவர் தெரியும். சின்னக் கிராமத்தில் கதவைத் தாழ் போடாமல் தூங்குவது போல.

வானாக்ரை தந்த பாடம்

சர்வரில் உள்ள ஃபைலை மற்றக் கம்ப்யூட்டர்கள் எடுக்க உதவும் புரோட்டோகால் எஸ்எம்பி. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. இதன் இரண்டாம் பதிப்பு 2006-லும், மூன்றாம் பதிப்பு 2012-லும் வந்தன. மூன்றாவதில் தகவலைப் பூட்டி அனுப்பும் வசதி உண்டு. ஆனாலும் முதல் பதிப்பை யாரும் நிறுத்தவில்லை. "ஓடுதுல்ல, எதுக்குத் தொடணும்?" என்று விட்டுவிட்டார்கள்.

2017 மே 12-ஆம் தேதி. 'வானாக்ரை' என்ற தீய நிரல் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகப் புகுந்தது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நம்ம பக்கத்து மாநிலமான ஆந்திராவில் காவல்துறைக் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

வருத்தம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள் அழுதார்கள்.

மாமா செய்த தவறு

மாமா புதிய சர்வரில் லினக்ஸும், 'சாம்பா' என்ற இலவச மென்பொருளும் போட்டார். 2019-லிருந்து வரும் சாம்பா, தானாக எஸ்எம்பி முதல் பதிப்பில் பேசாது. "நல்லதாப் போச்சு" என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை காலை போன் மேல் போன். பில் போடும் கம்ப்யூட்டருக்குச் சர்வர் தெரியவில்லை. ஜெராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்தது சர்வருக்குப் போகவில்லை. வெளியே லாரிகள் வரிசையாக நிற்க, டிரைவர்கள் பில்லுக்காகக் கத்துகிறார்கள். முதலாளி, "பழசு நல்லாத்தானே ஓடிச்சு? பழையபடி மாத்திக் குடுங்க" என்று சத்தம் போட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மாமா கோபப்படவில்லை. "தப்பு என் பேர்லதாங்க" என்றார். புதிய சர்வரிலேயே பழைய பதிப்பையும் தற்காலிகமாகத் திறந்துவிட்டார். அதோடு விடவில்லை. கணக்கு எல்லாவற்றுக்கும் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்தார். வெளி இன்டர்நெட்டிலிருந்து அந்த வழியாக யாரும் வர முடியாதபடி அடைத்தார். என்னிடம் சொன்னார்: "மாப்ள, ஒரு பேச்சை நிறுத்தறதுக்கு முன்னாடி, அதை யாரு இன்னும் பேசுறாங்கன்னு பாத்திருக்கணும். நான் பாக்கல."

பட்டியல் போட்டோம்

எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பதிப்பில் பேசுகிறது என்று சாம்பாவே காட்டும். தினமும் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. "ஒரு வாரம் பார்த்தா போதாதா மாமா?" என்றேன். "சம்பளக் கணக்கு மாசக் கடைசியிலதானே ஓடும்?" என்றார். அவர் சொன்னபடியே மாசக் கடைசியில்தான் மூன்றாவது ஆள் மாட்டியது!

1. பில் போடும் கம்ப்யூட்டர்: விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது. மாற்றித்தான் ஆகணும். முதலாளி இரண்டு நாள் யோசித்து வேறொன்று வாங்கினார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் பழையதே.

2. ஜெராக்ஸ் மிஷின்: புதிய பதிப்பு கற்றுத்தர வழியில்லை. ஸ்கேனை இப்போது அதற்கென்றே வைத்த பென் டிரைவில் எடுக்கிறார்கள். கொஞ்சம் நடக்கணும், அவ்வளவுதான்.

3. சம்பளக் கணக்கு: மாசம் ஒரு முறை திருச்சி ஆபீசுக்கு எஃப்டிபி வழியாகப் போகிறது. பாஸ்வேர்டு திறந்தபடியே போகும். நாம் மட்டும் மாறினால் போதாது. திருச்சிக்காரர்களிடமும் பேசி, இரண்டு பக்கமும் எஸ்எஃப்டிபி-க்கு மாறினார்கள்.

அதன் பிறகு பழைய பதிப்பை மூடினார் மாமா. அடுத்த நாள் காலை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு போன்கூட வரவில்லை!

பழசுக்குப் பதில் புதுசு

டெல்நெட் → எஸ்எஸ்ஹெச்
எஃப்டிபி → எஸ்எஃப்டிபி
ஹெச்டிடிபி → ஹெச்டிடிபிஎஸ்
எஸ்எம்பி 1 → எஸ்எம்பி 3

உங்களுக்குத் தெரியுமா?

★ எஃப்டிபி-யை 1971-ல் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் ஐஐடி-யின் முதல் அணி மாணவர்.

★ பின்லாந்தில் தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடு போனதால், 1995-ல் எஸ்எஸ்ஹெச்-ஐ உருவாக்கினார் டாட்டு யுலோனென்.

★ எஸ், எம், பி எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர்தான் 'சாம்பா'!

நண்பர்களே, எஃப்டிபி-யும் எஸ்எம்பி-யும் மோசமானவர்கள் செய்தவை அல்ல. அந்தக் காலத்துக்கு அவை அருமையானவை. காலம் மாறிவிட்டது, கதவுக்குத் தாழ் வேண்டும். அதே சமயம், புதுசு நல்லது என்று யாரையும் கேட்காமல் பழசைப் பிடுங்கினால், வெயிலில் பில்லுக்காக நிற்பது லாரி டிரைவர்தான். யார் இன்னும் அதை நம்பி இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களுக்கு ஒரு வழி செய்துவிட்டு மாற்றுவோம். ஆனால் கட்டாயம் மாற்றுவோம்!

கல்மரம் சாத்தனூரில் இருக்கட்டும். சர்வரில் வேண்டாம்.



— 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு