எத்தியோப்பியா தோசை... வயித்துக்கு ஒத்துக்குமா?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர் இன்று சங்கரன்கோவில் பக்கத்திலும் உண்டு. வாஷிங்டன் வட்டாரத்தில் எத்தியோப்பியர்கள் அதிகம். அவர்களுடைய ஹோட்டல்களும் அதிகம். மகனோ மகளோ அங்கே கூப்பிட்டால், "புளிச்ச தோசையாமே!" என்று தயங்காதீர்கள். அது நமக்குச் சொந்தக்காரச் சாப்பாடுதான்.

கேழ்வரகின் பங்காளி

அந்தத் தோசையின் பெயர் இஞ்செரா. டெஃப் என்ற, கடுகைவிடப் பொடியான தானியத்தில் செய்வது. புல் இனத்தில் இது நம்ம கேழ்வரகுக்கு உறவு. கேழ்வரகு பிறந்ததே எத்தியோப்பியா, உகாண்டா மலைப்பகுதிகளில்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

டெஃப் மாவைக் கரைத்து, முந்தின மாவின் புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். பிறகு அகலமான கல்லில் சுற்றி ஊற்றி, மூடி வேக வைப்பார்கள். ஆப்பம் மாதிரி திருப்பிப் போடுவதில்லை.

எதற்காகப் புளிக்க வைக்கிறார்கள்? ருசிக்கு மட்டுமல்ல. தானியத்தில் உள்ள ஃபைடிக் அமிலம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். புளித்தால் அந்த அமிலம் குறையும். நம்ம கம்மங்கூழின் சூட்சுமமும் இதுதான்!

என்ன கேட்டு வாங்கலாம்?

எத்தியோப்பியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அதனால் சைவத்துக்குப் பஞ்சமில்லை. 'யெட்சோம் பேயாய்நெத்து', அதாவது நோன்புச் சாப்பாடு என்று கேளுங்கள். பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து, மசூர் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை எல்லாம் அதன்மேல் வைப்பார்கள். மசாலாவில் மிளகாய், இஞ்சி, பூண்டு, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம். எல்லாம் நம்ம அஞ்சறைப்பெட்டிச் சரக்குதான்.

யார் கவனிக்க வேண்டும்?

குடல்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்: புளிப்பும் காரமும் பித்தத்தைக் கூட்டும். ராத்திரி வேண்டாம், மதியம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். 'அலிச்சா' என்ற மஞ்சள் குழம்பில் காரம் குறைவு.

சர்க்கரை உள்ளவர்கள்: சிறுதானியம் என்றாலும் மாவுச்சத்துதான். அடியில் விரித்த இஞ்செராவும் கணக்கில் சேரும். பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள்.

கோதுமை ஒவ்வாதவர்கள்: டெஃப்பில் குளூட்டன் இல்லை. ஆனால் வெளிநாட்டு ஹோட்டல்களில் கோதுமை, பார்லி மாவு கலப்பதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அசைவப் பிரியர்கள்: நம்ம ஊர் பிரியாணியில் கறி நன்றாக வெந்திருக்கும். 'கிட்ஃபோ' அப்படியல்ல, கொத்திய பச்சை மாட்டிறைச்சி. நாடாப்புழு வர வழி! அதை வெளியேற்றவே கொஸ்ஸோ என்ற மரத்தின் பூவை அந்த நாட்டு மக்கள் மருந்தாகக் குடித்து வந்தார்கள். கிட்ஃபோ வேண்டவே வேண்டாம்.

ஒரே தட்டில் எல்லோரும் கை வைப்பார்கள். பிரியமாக ஒருவருக்கொருவர் ஊட்டியும் விடுவார்கள். முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்டவுடன் காபி குடிக்க வேண்டாம். காபி இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

கடல் தாண்டிப் போயும் அவர்கள் தங்கள் தானியத்தை விடவில்லை. நம்ம கரிசல் காட்டில் விளைகிற கம்பும் சோளமும் வாரம் இரண்டு நாளாவது நம் வீட்டு அடுப்பில் ஏறட்டுமே!