சைக்கிளுக்கு ஒரு பின்நோக்குக் கண்ணாடி

சாலையில் சைக்கிள் மிதித்துச் செல்பவருக்கு முன்னால் உள்ள அபாயம் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் வரும் அபாயமோ செவிக்கு மட்டுமே எட்டுகிறது. அந்தச் செவியும் இப்போது பழையபடி உதவுவதில்லை. பேருந்தின் இரைச்சலையும் லாரியின் ஹாரனையும் கேட்டு ஓரம் ஒதுங்கிப் பழகிய நம் ஜனங்கள், மின்சாரத்தால் ஓடும் ஸ்கூட்டர்களும் கார்களும் ஓசையே இன்றி முழங்கையின் அருகே வந்து சேர்கின்ற இக்காலத்திலும், காதை நம்பியே பிரயாணம் செய்கிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளுக்குப் பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது என்று கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். 50 மீட்டர் தொலைவில் இருந்த கார் நான்கே விநாடிகளில் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நான்கு விநாடிகளுக்குள் சாலைப் பள்ளத்தைக் கவனித்து, தலையைத் திருப்பிப் பார்த்து, ஒதுங்குவதா நிற்பதா என்று தீர்மானிப்பது எளிதன்று. தலை வலப்புறம் திரும்பினால் தோளும் அதனோடு திரும்பி, ஹேண்டில்பார் நம்மை அறியாமலே வலப்புறம் சாய்ந்து, எந்த வண்டிக்கு அஞ்சித் திரும்பினோமோ அந்த வண்டியின் பாதையிலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதும் உண்டு. காது மந்தமான முதியோருக்கும், பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவருக்கும் இக்கஷ்டம் பன்மடங்காகும். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அசைத்துப் பின்புறத்தை அறிந்துகொள்ளும் ஓர் எளிய உபாயம் பின்நோக்குக் கண்ணாடி. அதை ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்குவதை நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன்.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மிதித்து ஓட்டும் சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. ஆதலால் அதற்கு லைசென்ஸும் பதிவும் இன்ஷூரன்ஸும் தேவையில்லாதது போலவே, மோட்டார் வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட பின்நோக்குக் கண்ணாடியும் கட்டாயம் இல்லை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருக்கும் பாட்டரி சைக்கிள்களும், உரிய அங்கீகாரம் பெற்றவையாயின், மோட்டார் வாகனக் கணக்கில் சேர்வதில்லை. எனவே கண்ணாடி இல்லை என்ற காரணத்துக்காக எவரும் சைக்கிள்காரரிடம் அபராதம் கேட்க நியாயம் இல்லை. ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு மறுபுறம் ஒன்று உண்டு. சைக்கிளில் பொருத்தும் ஒளி பிரதிபலிப்பான்களுக்கு 2020-இல் மத்திய அரசு ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. கண்ணாடிக்கோ சைக்கிளோடு தரப்பட வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமையால், பெரும்பாலான சைக்கிள்கள் கண்ணாடி இன்றியே கடையை விட்டு வெளியேறுகின்றன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரின் தலையில் விழுகிறது.

தேர்வில் முதல் கேள்வி, எந்தப் பக்கம் என்பது. நம் தேசத்தில் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்லுகின்றன. நம்மை முந்துகிறவர் வலப்புறமாகவே முந்த வேண்டும். ஆகவே ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்க முடியும் என்றால் அது வலக்கைப் பக்கத்துக்கே உரியது. இதைச் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்ததெனில், கடைகளில் தொங்கும் இறக்குமதிச் சரக்குகளில் சில, சாலையின் வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென்று இடக்கைப் பக்கத்துக்கு வளைத்துச் செய்யப்பட்டவை. அவற்றை வலப்புறம் மாட்டினால் கண்ணாடி வானத்தையோ நம் முழங்காலையோ காட்டுமே தவிர, சாலையைக் காட்டாது. இரண்டாவது கண்ணாடி வாங்க வசதியுள்ளவர் இடப்புறமும் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். சிக்னல் அருகே இடுக்கில் நுழைந்து இடப்புறமாகவே முந்தும் இருசக்கர வண்டிகள் நம் நகரங்களில் மலிந்திருப்பதால், இடப்புறம் திரும்ப எண்ணுகிறவருக்கு அதுவும் வீண் செலவாகாது.

அடுத்தது ஆடியின் வடிவம். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தில் படித்த சமதள ஆடியும் குவி ஆடியும் இங்கே நேரடியாக வாழ்க்கைக்கு வருகின்றன. சமதள ஆடி பின்னால் வரும் வண்டியை உள்ள அளவிலேயே காட்டுகிறது. ஆனால் அது காட்டும் பார்வைப் புலம் மிகக் குறுகியது, உள்ளங்கை அகலமுள்ள ஆடியில் சாலையின் ஒரு கீற்று மட்டுமே தெரியும். குவி ஆடி சாலை முழுவதையும், பக்கத்துச் சந்தையும் சேர்த்துக் காட்டுகிறது. அதற்கு ஈடாக ஒவ்வொரு பொருளையும் சிறிதாக்கி விடுகிறது. சிறிதாகத் தெரிவதை மனம் தொலைவில் இருப்பதாகவே கணிக்கிறது. மெய்யாகவே அபாயம் விளைவது இவ்விடத்தில்தான். குவி ஆடியில் ‘லாரி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது’ என்று நம்பி வலப்புறம் திரும்புகிறவர், லாரியின் உண்மையான இடத்தை அறியாமலே திரும்புகிறார். என்றாலும், சைக்கிளில் மாட்டும் சிறிய ஆடிக்கு மிதமான குவிவு உள்ளதே உகந்தது என்பது என் கருத்து; ஏனெனில் அதிரும் ஹேண்டில்பாரில் குறுகிய புலத்தைத் தேடிக் கண் அலைவதைவிட, விரிந்த புலத்தைக் கண்டு தூரத்தை மனத்தால் திருத்திக்கொள்வது சுலபமாகக் கைவருகிறது. அந்தத் திருத்தம் வரும்வரை சில நாள் போக்குவரத்துக் குறைந்த தெருவில், ஆடியில் தெரிந்த வண்டி எத்தனை எண்ணிக்கைக்குள் நம்மைக் கடக்கிறது என்று எண்ணிப் பழகுவது நல்லது. அளவுக்கு மீறிக் குவிந்த பொத்தான் போன்ற சிற்றாடிகளை வாங்கவே வேண்டாம்.

ஆடி கண்ணாடியால் ஆனதா, அக்ரிலிக் தகட்டால் ஆனதா என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணாடி பிம்பத்தைத் துல்லியமாகக் காட்டும். விழுந்தால் உடைந்து கையைக் கிழிக்கும். அக்ரிலிக் எளிதில் உடையாது. ஆனால் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் கீறல் விழுந்து, மாலை வெயிலில் ஒன்றும் தெரியாமற் போகும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிள்ளைகளின் சைக்கிளுக்கு அக்ரிலிக்கே தகும்.

மாட்டும் முறை இரண்டு. ஹேண்டில்பாரைச் சுற்றி வளையம்போல் இறுக்கும் கிளாம்ப் வகை ஒன்று. ஹேண்டில்பாரின் திறந்த முனைக்குள் செருகி, உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் வகை மற்றொன்று. முதல் வகைக்கு ஹேண்டில்பாரின் வெளிச்சுற்று முக்கியம். நேரான ஹேண்டில்பாரில் கைப்பிடிப் பகுதியின் விட்டம் சாதாரணமாக 22 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும், ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரில் அது சற்றே கூடுதல். இரண்டாம் வகைக்கு உட்சுற்று முக்கியம். உலோகத்தின் கனம் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறுவதால், சைக்கிளைக் கடைக்கே ஓட்டிச் சென்று வைத்துப் பார்த்து வாங்குவதே உத்தமம். இன்னும் நம் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கும், கம்பியால் இயங்கும் பிரேக் உள்ள பழைய சைக்கிள்களில் ஒரு விசேஷக் கவனம் தேவை. அவற்றில் பிரேக்கின் கம்பி ஹேண்டில்பாரை ஒட்டியே ஓடுகிறது. கிளாம்ப் அந்தக் கம்பியைச் சேர்த்துப் பிடித்துவிட்டால், கண்ணாடி கிடைத்து பிரேக் போய்விடும். மாட்டிய பின் பிரேக்கை முழுவதும் அழுத்தி விட்டு, அது தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்காமல் சைக்கிள் கடையை விட்டு நகரலாகாது.

பொருத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கிளாம்புக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்றைச் சுற்றினால் வழுக்கலும் நிற்கும், அதிர்வும் தணியும். தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிர்வு. ஆகையால் நம் தோளுக்கு அப்பால் சாலை தெரிவதற்குத் தேவையான அளவுக்கு மேல் தண்டை நீட்ட வேண்டாம். கோணத்தைச் சரிசெய்யும்போது சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தரையில் நின்று பார்ப்பது பயனற்றது. மற்றொருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் ஏறி, வழக்கமாக மிதிக்கும் பாவனையில் உட்கார்ந்து, ஆடியின் உள்விளிம்பில் நம் முழங்கையோ தோளோ ஒரு கீற்றாகத் தெரியும்படியும், அடிவானம் ஆடியின் நடுவுக்குச் சற்று மேலே நிற்கும்படியும் அமைத்த பிறகே நட்டை இறுக்க வேண்டும். நட்டு முதல் சில நாட்களில் தளர்வது இயல்பு. வாரம் ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்தால் போதும்.

கண்ணாடி மாட்டிய பிறகு வரும் ஒரு புது அபாயத்தை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹேண்டில்பாரின் முனையில் செருகும் வகையைப் பொருத்த, அங்கிருந்த மூடியைக் கழற்றுகிறோம். பிறகு கண்ணாடி உடைந்துபோனால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முனையைத் திறந்தபடியே விட்டுவிடுகிறோம். திறந்த உலோகக் குழாயின் முனையில் குழந்தை வயிறு மோதி விழுந்தால், வெளியில் வட்டமான சிறு தடிப்பு மட்டுமே தெரிய, உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கக் கூடும். இது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த காயம். அவ்விதம் விழுந்த பிள்ளை ‘வலிக்கவில்லை’ என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது பெற்றோரின் கடமை. கண்ணாடியைக் கழற்றிய அன்றே பழைய மூடியைத் திரும்ப அடைத்துவிடுவது அதனினும் முந்திய கடமை. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசு விலையின்றி சைக்கிள் வழங்கி வருகிறது. காலையிலும் மாலையிலும் நெடுஞ்சாலை ஓரமாகவே அவர்களில் பலர் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். அந்தச் சைக்கிளோடு வலப்புறக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, அதைப் பார்க்கும் முறையை ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கங்கள் கேட்பது முற்றிலும் நியாயமான வேண்டுகோள்.

கண்ணாடி பார்த்ததால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணலாகாது. எந்த ஆடியிலும் தெரியாத ஒரு மூலை இருந்தே தீரும். வலப்புறம் திரும்புமுன் ஆடியில் பார்த்து, பாதை ஒழிந்திருக்கும்போது கணநேரம் தலையைத் திருப்பி உறுதி செய்துகொண்டு, கையைக் காட்டிய பின்பே திரும்ப வேண்டும். இரவில் பின்னால் வரும் ஹெட்லைட் கண்ணைக் கூசச் செய்தால் ஆடியைச் சற்றே கீழே சாய்த்துக்கொள்ளலாம். ஆனால் நாம் பிறரைப் பார்ப்பது வேறு, பிறர் நம்மைப் பார்ப்பது வேறு. பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாத சைக்கிளுக்கு எத்தனை கண்ணாடி மாட்டியும் இருட்டில் பயன் இல்லை.

இனி, வாங்கிய பொருள் ஏமாற்றினால் என்ன செய்வது? உறையில் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் அதிகபட்ச விற்பனை விலையும் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கூறுகின்றன. அவை இல்லாத சரக்கைத் தொடாதிருப்பதே மேல். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் நேர்மையற்ற வணிகமுறை என்று வகுத்திருக்கிறது. ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’ என்ற பலகை அந்த உரிமையைப் பறிக்க இயலாது. சாதாரண உபயோகத்திலேயே தண்டு முறிந்து காயம் ஏற்பட்டால் தயாரித்தவரையும் பொறுப்பாளியாக்கலாம். நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமும் கிடையாது.

மோட்டார் வாகனம் மோதி விபத்தே நேர்ந்துவிட்டால், சைக்கிள்காரரின் உரிமைகள் பெரிதும் வலுவானவை. மோதியவர் காயமுற்றவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், போலீஸுக்கும் தகவல் தர வேண்டும். 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரையில் ஒன்றரை லட்ச ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமின்றி, தாம் வசிக்கும் இடத்துக்கு உரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். அதற்குச் சட்டம் ஆறு மாத வரம்பு விதித்திருப்பதால் தாமதம் கூடாது. மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் மரணத்துக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. வருவாய்க் கோட்ட அல்லது வட்ட அளவிலான விசாரணை அலுவலரிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘கண்ணாடி மாட்டாதது உங்கள் பிழை’ என்று எதிர்த்தரப்பு வாதிக்குமானால் அஞ்ச வேண்டியதில்லை. சட்டம் கேட்காத ஒன்று இல்லாமை தன்னளவில் குற்றமாகாது. பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவே விபத்துக்கு ஏதுவாயிற்று என்பதை, அவ்விதம் சொல்கிறவரே சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். ஆகவே நசுங்கிய சைக்கிளையும் உடைந்த கண்ணாடியையும் உடனே பழுது பார்க்கவோ எடைக்குப் போடவோ செய்யாமல், புகைப்படம் எடுத்து, விசாரணை முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று எவரும் மனுவைக் கைவிட வேண்டாம். பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் தொழிலாளரும் மாற்றுத்திறனாளிகளும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீலைப் பெறலாம். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.