நிற்கும் லொறிக்கும் கணக்கு உண்டு

லொறி, வேன் வைத்து வியாபாரம் செய்யும் சகோதரர்கள் என் நட்டத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு எங்கள் கூலர் லொறி தினமும் போகிறது. நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கமிருந்து படகில் வரும் மீனை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பும். போக வர 80 கிலோமீற்றர்தான். ஆனால் படகு வரும்வரை மூன்று மணித்தியாலம் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடும். குளிரூட்டி அதில்தான் இயங்குகிறது.

ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினேன். அப்படியிருந்தும் வேலணையில், ஏற்றிய மீனோடு, எஞ்சின் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்த கராஜ்காரர், "நானா, மீற்றரை நம்பாதேங்கோ, மணித்தியாலத்தை எண்ணுங்கோ" என்றார்.

நின்றபடி ஓடும் எஞ்சினில் சூடு போதாது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் எரிபொருளும் ஒயிலில் கலக்கின்றன. ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சமம் என்பது வாகனத் துறையில் சொல்லும் கணக்கு. எங்கள் லொறிக்கு அது தினம் 120. மீற்றர் காட்டுவதோ வெறும் 80. நான் 5,000 என்று நினைத்தது உண்மையில் 12,500!

இப்போது 2,000 கிலோமீற்றரில், அதாவது 25 நாள் ஓட்டத்துக்கு ஒருமுறை, ஒயிலையும் பில்டரையும் மாற்றுகிறோம். காத்திருந்த நேரத்தைச் சாரதி கொப்பியில் எழுதி வைக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான், வெறும் பெட்டியை மூன்று மணித்தியாலம் குளிர்விப்பானேன் என்று எனக்கே உறைத்தது. படகு வர அரை மணித்தியாலம் இருக்கும்போது போட்டால் போதும்.