நாற்பதுக்கு மேல் ஒரு நாற்காலி

மனிதவளத் துறை என்றதும் நண்பர்கள் பலர் கண்ணாடிக் கட்டடத்தையும் கழுத்துப் பட்டையையும் எண்ணிக்கொள்கின்றனர். பெருமாள்மலைக்காரனாகிய எனக்கு நினைவில் எழுபவர் கங்காணி. தென்னிந்தியத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆள் சேர்ப்பதும், முன்பணம் கொடுப்பதும், பேர் போடுவதும் அவர் கையில்தான். முன்பணம் தீராமல் தொழிலாளி நகர முடியாது. ஆலைகளில் இதே அதிகாரத்தை மேஸ்திரி வைத்திருந்தார்.

1929இல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், 1931இல் தந்த அறிக்கையில், வேலைக்கு எடுப்பதையும் நீக்குவதையும் மேஸ்திரியிடமிருந்து பிரித்துத் தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொன்னது. இன்றைய மனிதவள அதிகாரிக்கு அவரே பாட்டனார் எனலாம். பின்னர் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேர் உள்ள ஆலைக்கும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேர் உள்ள தோட்டத்துக்கும் நல அதிகாரி வேண்டும் என்றன. அவற்றின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாய்மாமா. ஒரு காப்பித் தோட்டத்தில் இருபது ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், 43 வயதில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பர்சனல் பிரிவு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். சம்பளம் கூடவில்லை. அவர் கண் நல அதிகாரி நாற்காலியில் இருக்கிறது.

எந்த லயத்தில் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் பிரசவம், எவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வருகைப் பதிவேடும் பி.எஃப். கணக்கும் பழகியவையே. கணிப்பொறிதான் புதிது, அதை நான் சொல்லித் தருகிறேன். இருபத்திரண்டு வயதில் முதுகலை முடித்து வருபவருக்குச் சட்டப் பிரிவுகள் தெரியும், லயம் தெரியாது. மாமாவுக்கு லயம் தெரியும், பட்டம் இல்லை. அந்தப் பதவிக்கோ பட்டமும் வேண்டும், அதன்மேல் தொழிலாளர் துறை அல்லது சமூகப் பணி சார்ந்த படிப்பும் வேண்டும்.

1952இல் தொடங்கப்பட்ட சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டாண்டு முழுநேரம் படிக்கக் குடும்பஸ்தரால் இயலாது. சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம், வேலையில் இருப்போருக்காக மாலை நேர, வார இறுதிப் பட்டயப் படிப்புகளை நடத்துகிறது. அதற்கும் முதலில் பட்டம் வேண்டுமே! ஆகவே மாமா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இரண்டாமாண்டு படிக்கிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்தான் என்று ஊரில் பேச்சு. இப்போது போட்டி வந்துவிட்டது.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளம் கொடுப்பது நிர்வாகம். பார்க்க வேண்டியது தொழிலாளியின் நலன். நல அதிகாரி தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளக் கூடாது என்றுகூடப் பல மாநிலங்கள் விதி செய்தன. இரண்டு பக்கமும் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன்.

"துரைக்கும் ஆளுக்கும் நடுவுல நின்னுதானே மாப்பிள்ளே, இருபது வருஷம் சோறு தின்னேன்" என்றார்.

பட்டமும் பட்டயமும் கைக்கு வரும்போது அவருக்கு வயது 45 ஆகிவிடும். நான் பார்த்த வேலை விளம்பரங்களிலோ 35 வயதுக்குள் என்று போட்டிருக்கிறார்கள். அதனால் வெளியில் விண்ணப்பிக்காமல், அதே ஆலைக்குள்ளேயே அந்த நாற்காலி காலியாகும் நாளுக்காக அவர் காத்திருக்கிறார்.